பாட்டில் அக்காவும் பதினோரு கிணறுகளும்

பாட்டில் அக்கா பயப்படாத பொருள் என்று ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், நானும் தெரிந்துகொள்கிறேன். நாய்க்குப் பயம். மைக்குக்குப் பயம். போன் மூன்றாவது தடவை அடித்தால் பயம். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று எடுப்பதற்குள் முடிவே கட்டிவிடுவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக், இவளோ லிஃப்டில் கால் வைக்கமாட்டாள். "ஊருக்கெல்லாம் நான் ரிப்பேர் பண்ணித் தர்றேன், என் பொண்டாட்டி மட்டும் அஞ்சு மாடி படியேறி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றா" என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளுக்கு அதில் கோபம் வராது. கோபப்படவும் பயம்தான்.

இப்படிப்பட்டவளைப் பிடித்து, தெருத்தெருவாகப் போ, நாலு பேர் முன்னால் நின்று பாடம் நடத்து என்றால் எப்படி இருக்கும்? நடத்தச் சொன்னார்களே, அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

பதினாறு வருடம் தண்ணீர் அலுவலகத்தில் புகார் மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவள். ஜன்னலுக்குக் கம்பி உண்டு. வருகிறவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார்கள், இவள் இந்தப் பக்கம் தலையைக் குனிந்து எழுதிக்கொள்வாள். அப்படியே காலம் போயிருக்கும். ஆனால் ஊரில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்ற ஆரம்பித்தன. வாரத்துக்கு இரண்டு நாள் லாரித் தண்ணீர், அதற்குத் தெருவே அடித்துக்கொண்டது. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாகக் கிணற்றுக்குள் இறக்க மக்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டார்கள். வாயில் நுழையாத நீளப் பெயர் அதற்கு. எல்லோரும் தண்ணீர் வகுப்பு என்றே சொன்னார்கள். யார் போகிறீர்கள் என்று மேலதிகாரி மேடம் கேட்டதும், முழங்கால் வலி, வீட்டில் உடம்பு சரியில்லை என்று ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். இவளுக்கு மேடத்திடம் முடியாது என்று சொல்லப் பயம். ஆக, பயத்தாலேயே அந்தப் பயங்கர வேலையில் போய் மாட்டிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், வேலை அவளுக்கு நன்றாகவே வந்தது. கூட்டத்தைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளுமே தவிர, ஒரு வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு ஆளிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பையில் எப்போதும் சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில்கள் இருக்கும். உள்ளே மருந்தில் நனைத்த காகிதத் துண்டு. கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வைக்க வேண்டும். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் சரி. கருத்துப்போனால் அதில் கழிவு கலந்திருக்கிறது, குடிக்கக் கூடாது. இந்த பாட்டில்களால்தான் அவளுக்கு அந்தப் பெயர் வந்தது. ஒரு வருடத்தில் எட்டுத் தெருக்களை முடித்தாள். எட்டிலும் கிணற்றில் தண்ணீர் ஏறியது, ஒரு பாட்டில்கூடக் கருக்கவில்லை.

வகுப்பில் மொத்தம் ஆறு பாடங்கள். மூன்றாவதுதான் உயிரான பாடம். கூரையிலிருந்து இறங்கும் குழாயின் அடியில் ஒரு மூடி இருக்கும். கோடை முடிந்து வருகிற முதல் மழையில் அந்த மூடியைத் திறந்து, இருபது நிமிடம் தண்ணீரை வெளியே ஓடவிட வேண்டும். கூரை கழுவிப் போகட்டும். பிறகுதான் மூடியைப் போட்டு, மணலும் கரியும் நிரப்பிய டிரம் வழியாகக் கிணற்றுக்குள் விட வேண்டும். நாலு மாதத்துப் பறவை எச்சமும், அழுகின சருகும், செத்த எலியும் டிரம்மில் வடிகட்டித் தீராது. இதை அவள் எட்டுத் தெருவிலும் விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னாள்.

ஒன்பதாவதாக வந்தது டயர்க் கடைத் தெரு.

அந்தத் தெருவில் கிணறு உள்ள வீடுகள் பதினொன்று. வகுப்பு டயர்க் கடைக் கொட்டகையில் நடந்தது. பழைய டயர்களே நாற்காலி. ரப்பர் வாடையும் ஒட்டுப் பசை வாடையும் மூக்கைத் துளைத்தன. கடைக்காரர் ஆள் வாட்டசாட்டம். காற்றடிக்கிற கம்ப்ரஸருக்கு மேல் பேசிப் பேசியே பழகிவிட்டதால் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. போன கோடையில் லாரி வராத நாட்களில் தன் வண்டியில் டிரம் டிரம்மாகத் தண்ணீர் ஏற்றி வந்து தெருவுக்கே ஊற்றியவர் அவர்தான். ஆனால் அக்கா அவரைப் பார்த்த நிமிடமே இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

இரண்டு பாடங்களை எப்படியோ ஒப்பேற்றினாள். மூன்றாவதை ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் கையைத் தூக்கினார்.

"இரும்மா. முதல் மழையை ரோட்டுல விடணுமா?"

"இருபது நிமிஷம் மட்டும்தான் அண்ணே. கூரையில இருக்கிற அழுக்கெல்லாம்..."

"நாலு மாசமா வானத்தைப் பார்த்துக்கிட்டு கிடக்கோம். வர்ற முதல் தண்ணியையே சாக்கடைக்கு விடச் சொல்றே. அப்புறம் என்ன மண்ணாங்கட்டிக்கு இந்தக் குழாயெல்லாம் மாட்டச் சொன்னே?"

எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருவர் கைகூடத் தட்டினார். அக்காவின் காது மடல் சுட்டது. பதில் அவளுக்குத் தெரியாததில்லை. எட்டுத் தெருவில் சொன்ன பதில்தானே? ஆனால் முப்பது முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன, அவர் இடுப்பில் கை வைத்து நின்றார், நடுவில் கம்பி போட்ட ஜன்னல் இல்லை.

"அது... உங்க இஷ்டம் அண்ணே" என்றாள். சொல்லிவிட்டு நாலாவது பாடத்துக்குத் தாவிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் படிவத்தில் ஆறு பாடத்துக்கும் எதிரே டிக் போட்டாள். மூன்றாவது கட்டத்தில் பேனா கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான்.

தெருமுனை வரை அவள் பின்னாலேயே ஒருத்தி வந்தாள். கடைசி வீட்டுத் தையல்காரி. கணவர் வெளியூரில் வேலை. நாலு வயசுப் பெண் குழந்தையும் இவளும்தான் வீட்டில்.

"அக்கா, நீங்க பாதியில விட்டுட்டீங்களே. நிஜமாச் சொல்லுங்க, முதல் தண்ணியை விடணுமா, வேண்டாமா?"

அக்கா இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். டயர்க்கடைக்காரர் கண்ணில் படவில்லை. "விட்டுடும்மா" என்றாள், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரலில். "யாரு என்ன சொன்னாலும் கண்டிப்பா விட்டுடு. குழந்தை இருக்கிற வீடு."

வகுப்பு முடிந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் மழை கொட்டியது. ஊரே வாசலுக்கு வந்து நனைந்தது. அக்காவும் ஐந்தாவது மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். முதலில் சந்தோஷம்தான். பிறகு கீழே ஓடுகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தாள். டீத்தூள் கழுவிய மாதிரி இருந்தது. உங்க இஷ்டம் அண்ணே என்று அவள் சொன்னது அவள் காதிலேயே கேட்டது. டயர்க் கடைத் தெருவில் பத்து வீடாவது இந்நேரம் மூடியை இறுக்கி வைத்துக்கொண்டு கிணற்றையே பார்த்துக்கொண்டிருக்கும். போன் செய்து சொல்லலாம். டயர்க்கடைக்காரர் நம்பர் படிவத்தில் இருக்கிறது. போனைக் கையில் எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். மழை நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் பாட்டில்களை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்கே போனாள். நினைத்தது சரி. மூடிகள் இறுக்கமாகப் போட்டிருந்தன. இரண்டு வீட்டில் கழன்று விடக் கூடாதென்று பசை வேறு பூசியிருந்தார்கள். டயர்க்கடைக்காரர் அவளைக் கையோடு கூட்டிப்போய்த் தன் கிணற்றைக் காட்டினார். "ரெண்டடி ஏறியிருக்கு பாரு. ஒரு சொட்டு வெளிய விடல" என்றார், பரிசு வாங்கப்போகிற மாணவனைப் போல.

தையல்காரி வீட்டுக் கிணறு மட்டும் ஒரு சாண்தான் ஏறியிருந்தது. "தெருவே என்னைக் கேலி பண்ணுது அக்கா" என்றாள் அவள், தைத்துக்கொண்டே. "வந்த தண்ணியை ரோட்டுக்கு விட்ட மகராணின்னு பேரு வெச்சிருக்காங்க." மிஷினுக்கு அடியில் துணித் துண்டுகளைப் பரப்பி அவள் பெண் விளையாடிக்கொண்டிருந்தது. அப்போது அதற்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருந்தது.

பதினோரு பாட்டில்களிலும் தண்ணீர் பிடித்தாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "சும்மா, வழக்கமான டெஸ்ட்தான்" என்றாள். டெஸ்ட் முடிகிற வரை இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனாள். ஒவ்வொரு வாசலிலும் பாட்டிலை மட்டும் நிரப்பிக்கொண்டு நகர்ந்தாள். இன்னும் தெரியாத விஷயத்துக்கு ஏன் ஊரைப் பயமுறுத்த வேண்டும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். நியாயம் கண்டுபிடிப்பதில் பயந்தவர்களை மிஞ்ச யாராலும் முடியாது, எனக்குத் தெரியும்.

வீட்டில் ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம் சூடாக இருக்கும். பாட்டில்களை அங்கே ஒரு பலகைமேல் வரிசையாக வைத்தாள். அதன்பின் அவள் சாப்பிட்டது, வேலை பார்த்தது எல்லாமே பேருக்குத்தான். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய் எட்டிப் பார்த்தாள்.

"பாட்டிலை முறைச்சுப் பார்த்தா அது பயந்துபோய் வெள்ளையாவே இருந்துடுமா?" என்றார் கணவர். அவள் சிரிக்காததைக் கண்டு அவரும் அதோடு விட்டுவிட்டார்.

அடுத்த நாள் விடியும்போது ஃபிரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று... பத்து பாட்டில்கள் கருத்திருந்தன. சில மை மாதிரி, சில சாம்பல் கலந்து. ஒரே ஒரு பாட்டில் பிடித்தபடியே தெளிவாக இருந்தது. தையல்காரியுடையது.

எட்டு மணிக்கு மேடத்துக்குப் போன் போட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு வெச்சு?"

"இருபத்திரண்டு மணி நேரம் மேடம்."

"நாற்பத்தெட்டு வரைக்கும் பார்க்கணும்னு உனக்குத் தெரியாதா? அடுத்த வாரம் திட்டத்தைப் பார்க்க வெளியில இருந்து ஆளுங்க வர்றாங்க. இப்பப் போய் தெருவுல பீதியைக் கிளப்பிட்டு வராதே. நாளைக்கு ரிப்போர்ட் கொடு, நான் பார்த்துக்கறேன்."

"சரி மேடம்" என்றாள். வேறென்ன சொல்வாள்? போனை வைத்த பிறகுதான், தெளிவாக இருப்பது கருக்கிறதா என்று பார்க்கத்தான் நாற்பத்தெட்டு மணி நேரம், கருத்தது மறுபடி தெளியப் போவதில்லை என்று தோன்றியது. மேடத்துக்கும் அது தெரியாமல் இருக்காது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லக் கை வரவில்லை.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது. மூன்றாவது மணியில் எடுத்தாள். கணவர்தான், ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தார்.

"ஏய், உன் வகுப்புக்கு வந்துச்சாமே, டயர்க் கடைத் தெரு தையல்காரப் பொண்ணு. அது குழந்தையைக் காலையில இங்க சேர்த்திருக்காங்க. வாந்தி, வயித்துப்போக்கு. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. ட்ரிப் ஏத்திக்கிட்டு இருக்காங்க."

அக்கா ஓடிப்போய்த் தெளிந்த பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளி நிறம் மாறவில்லை. சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த வீட்டுத் தண்ணீர் சுத்தம். குழந்தைக்கு வேறு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. என்னால் இல்லை, அப்பா, என்னால் இல்லை. அந்த நிம்மதியோடே உட்கார்ந்திருக்கலாம். ஆனால் உட்கார்ந்தவளின் கண் மற்ற பத்து பாட்டில்கள் மேல் போயிற்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் அவள் கையெழுத்தில் ஒரு வீட்டின் எண். ஏழாம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை உண்டு. நாலாம் எண்ணில் இப்போதுதான் ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு பெரியவர். அவர்கள் எல்லோரும் இந்த நிமிடம் என்ன குடித்துக்கொண்டிருக்கிறார்கள்? பாட்டில்களைப் பையில் போட்டாள். ஐந்து மாடியும் படியிறங்கி ஓடினாள்.

டயர்க் கடையில் ஒரு லாரிச் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் ஒரு கையில் குழாயும் மறு கையில் தண்ணீர் ஜக்குமாக நின்றிருந்தார்.

"அதைக் குடிக்காதீங்க அண்ணே" என்றாள்.

கம்ப்ரஸர் இரைச்சலில் அவருக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டு ஜக்கைத் தூக்கினார். அக்கா நேரே சுவருக்குப் போய் ஸ்விட்சை அணைத்தாள். கடை சட்டென்று அடங்கியது. வேலையாட்கள் திரும்பினார்கள், தெருவில் போனவர்கள்கூட நின்றார்கள்.

"அதைக் குடிக்காதீங்க. தெருவுல யாரும் குடிக்கக் கூடாது." பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தாள். "இது உங்க கிணறு. இது பக்கத்து வீடு. இது ஏழாம் நம்பர். எல்லாம் கூரையில இருந்து இறங்கின அசிங்கம்."

அவர் முகம் சிவந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? பாடம் நடத்த வந்தவதானே நீ?"

"சொல்ல ஆரம்பிச்சேன். நீங்க சத்தம் போட்டீங்க, நான் பயந்துட்டேன். உங்க இஷ்டம்னு சொல்லிட்டேன்." குரல் நடுங்கியது, நடுங்கினபடியே பேசினாள். "அது உங்க இஷ்டம் கிடையாது அண்ணே. நீங்க திட்டினாலும் சொல்ல வேண்டியது என் வேலை. நேத்து மறுபடி வந்தப்பவும் சொல்லல. என் தப்புதான்."

அவர் ஜக்கைக் கீழே வைத்தார். ராத்திரியிலிருந்து தனக்கும் வயிறு சரியில்லை என்று முனகினார். அக்கா பதினோராவது பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"தையல்காரப் பொண்ணு வீடு மட்டும்தான் தெளிவா இருக்கு. அவ மட்டும்தான் முதல் தண்ணியை வெளிய விட்டா. அவ குழந்தைக்கு உடம்பு சரியில்லாதது வேற எதனாலயோதான் இருக்கணும்."

டயர்க்கடைக்காரர் அந்த பாட்டிலையே பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த டயர்மேல் மெதுவாக உட்கார்ந்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"அந்தப் பொண்ணு கிணத்துல தண்ணி ஏறலையேன்னு, மழை நின்ன உடனே நான்தான்மா ரெண்டு குடம் எடுத்துட்டுப் போய் அவ வீட்டுல ஊத்தினேன். வேண்டாம் அண்ணே, என்கிட்ட இருக்குன்னுதான் சொன்னா. நான்தான் கேட்கல. குழந்தை இருக்கிற வீடாச்சேன்னு..."

அக்கா தெளிந்த பாட்டிலைப் பெஞ்சின்மேல் மற்றவற்றோடு வைத்தாள். அவள் சொன்னதைக் கேட்டு நடந்த ஒரே வீடு அது. அந்த வீட்டுக்குள்தான் அவள் சொல்லாமல் விட்டது குடத்தில் போய் இறங்கியிருக்கிறது.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவர் எழுந்தார், தெருவில் இறங்கினார், வீடு வீடாகக் கதவைத் தட்டி, எட்டுத் தெருவுக்குக் கேட்கிற தன் குரலில் கிணற்றைத் தொடாதே என்றார். பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு அவரே ஆள் அனுப்பினார். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு என்று அக்கா ஆழத்தை அளந்து சாக்பீஸால் சுவரில் எழுதிக் கொடுத்தாள். மேடத்தின் போன் நாலு தடவை வந்தது. பார்த்தாள், எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். படியேறும்போது, திரும்பிப் போய்விடலாமா என்று ஒவ்வொரு படியிலும் தோன்றியது. குழந்தை கட்டிலில் ஒரு துணிப் பொட்டலம் அளவுக்குக் கிடந்தது. வாந்தி நின்றுவிட்டது, பிழைத்துக்கொள்ளும், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னதாகத் தையல்காரி சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க சொன்னபடிதான் அக்கா செஞ்சேன். மூடியைத் திறந்துதான் வெச்சிருந்தேன். அப்புறமும் ஏன் இப்படி ஆச்சு?"

அக்கா சொன்னாள். குடத்துத் தண்ணீரை, பத்து பாட்டில்களை, மழையன்று கையில் எடுத்து எடுத்து வைத்த போனை, எதையும் விடாமல் சொன்னாள். தையல்காரி கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். குழந்தையின் கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"அன்னிக்குத் தெருமுனையில என் காதுல வந்து சொன்னீங்களே" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "அதை அங்கேயே சொல்லியிருந்தா?"

குழந்தை புரண்டு கண் விழித்து, தண்ணி என்றது. தையல்காரி மேசைமேல் இருந்த ஜக்கை எடுத்து டம்ளரில் ஊற்றினாள். ஊற்றியதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது எங்கேருந்து வர்ற தண்ணின்னு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"போய்க் கேட்டுட்டு வாங்க. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேளுங்க."

அக்கா எழுந்து வார்டின் நடுவே, நர்சுகள் உட்கார்ந்திருந்த மேசையை நோக்கி நடந்தாள்.